பம்பாய் வண்டியில் ஏறிய நாள்

சுதந்திரம் வந்த புதிது. நான் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. கல்மண்டபத்தில் எங்கள் தெருவிலேயே இருந்த நண்பனுக்கு ரயில் பெட்டிகளோடு இன்ஜினை மாட்டும் வேலை. டெஸ்ட் மேட்ச் பார்க்க முதலில் பம்பாய், அங்கிருந்து கல்கத்தா என்று இருவரும் போவதாக ஏற்பாடு. எந்த வண்டி, எங்கே மாறுவது என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தவன் அவன்தான்.

அதற்குள் எங்கள் ஆபீஸ் அதிகாரிகள் இரண்டு பேர் மேட்சுக்குத் தங்களோடு வரும்படி என்னைக் கூப்பிட்டார்கள். அவன் பேச்சும் எண்ணெய்ச் சட்டையும் அவர்களுக்கு ஒத்துவராது என்று நினைத்தேன். லீவு கிடைக்கவில்லை என்று அவனிடம் பொய் சொன்னேன். நான் இல்லாமல் எதற்கு என்று அவனும் தன் லீவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

அதனால்தான் அன்று சென்ட்ரலில் அவனுக்கு டியூட்டி. பம்பாய் வண்டியின் ஜன்னலில் அதிகாரிகளோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் முகம் மலர ஓடிவந்தான்.

"இன்னா மாமு, லீவு கெடச்சிச்சா? சொல்லவேயில்லியே!"

"யார் இது?" என்றார் ஓர் அதிகாரி.

"எங்க தெருவுல இருக்கிற ஆளு, சார்" என்றேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அது அவன் காதில் விழுந்தது. "பத்திரமா போய்ட்டு வாங்க சார்" என்று நகர்ந்தான்.

ஊர் திரும்பியதும் மன்னிப்புக் கேட்கத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்க சார், குந்துங்க" என்று நாற்காலி போட்டான். யார் எத்தனை ரன் எடுத்தார்கள் என்று அரைமணி நேரம் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.