கடிகாரத்தில் நான் விட்ட பெயர்

என் மகளின் ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு மாற்றல் வந்ததும், பெற்றோர்கள் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினோம். வசூல் செய்தது நான். டியூப்லைட்டில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதும் ஊர்க்காரிதானே? பணம் தந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் எழுதி, கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டிக்கர் கடையில் கடிகாரத்தோடு கொடுத்தேன். பணம் தராத வீட்டுப் பிள்ளை செல்வியின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டேன்.

மறுநாள் அதை வாங்கிவரப் போனபோது, பஸ்ஸில் செல்வியின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாரமா கரும்பு வெட்டக் கூப்புடலக்கா. அதான் காசு குடுக்க முடியல. எம்பொண்ணு கடிகாரத்தப் பத்தியே பேசிக்கினு இருக்குது. அது பேரும் இருக்கும்ல?"

"இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

இறங்கியதும் கடைக்கு ஓடினேன்.

"நேத்து பூரா கரண்ட் இல்லீங்க. இன்னும் ஸ்டிக்கர் வெட்டவே இல்ல" என்று கடைக்காரர் தயங்கியபடி சொன்னார். நிம்மதியில் நான் அவர் காலில் விழாத குறைதான். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்' என்று மட்டும் ஒட்டச் சொன்னேன்.

டீச்சரை வழியனுப்பிய அன்று, செல்வி அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள்.

"எம்மா, இது நாங்கதான்!"

அவள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போதெல்லாம் கரண்ட் போனால் நான் யாரையும் திட்டுவதில்லை.