முனிராஜ் அண்ணன் ஓட்டாத பந்தயம்

ஓசூர் எல்லையில், ஜூஜுவாடி அருகே லாரிகளுக்கு நடுவில் எங்கள் பஸ் நகராமல் நின்றுகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரின் செல்போன் அடித்தது. "சரி, வர்றோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, "முனிராஜ் அண்ணன் போயிட்டாராம். தூக்கத்திலயே" என்றார். அவர் மனைவி பத்மக்கா காபி கொண்டுபோய் எழுப்பியிருக்கிறார், எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் ஓயாமல் ஹாரன்.

கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் டூல்ரூம் ஃபோர்மேன். எங்களுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன். நாமக்கல்லிலிருந்து ஓசூருக்குக் குடிவந்த என்னை, தெலுங்கு கலந்த தமிழில் முதன்முதலில் "தங்கச்சி" என்று கூப்பிட்டவர். வாலிபத்தில் பைக் பந்தயங்களில் ஓட்டியவர் என்றால், ரோட்டில் அவர் போவதைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை கடக்கிறது என்றால் எல்லாருக்கும் முன்னால் இன்ஜினை அணைப்பார். "ரோடு அவங்களுது தங்கச்சி. நாம வாடகைக்கு இருக்கோம்" என்பார்.

பந்தயத்தில் ஓட்டிய அந்தப் பழைய வண்டியை அவர் விற்கவே இல்லை. சென்னை போகும் வழியில், வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு பந்தயத் தளத்தில், பழைய வண்டிகளுக்கென்றே சனி ஞாயிறில் பந்தயம் வைக்கிறார்கள் என்று ரிட்டயரான பிறகு தெரிய வந்தது. உடனே வண்டியைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்ட ஆரம்பித்துவிட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். "ஓட்டலாம், ஆனா நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றுவிட்டார் டாக்டர். பத்மக்காவுக்கு உறுதிதான் வேண்டும். "மாரியம்மன்கிட்ட பூப்போட்டுக் கேட்டுடலாம். நீ வெள்ளி தப்பாம கோயிலுக்குப் போறவ. நீயே எடு" என்று என்னையும் அண்ணனையும் அழைத்துப் போனார்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் பாதத்தில் வைத்தார் பூசாரி. வெள்ளை வந்தால் உத்தரவு. கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தால் சிவப்பு. அண்ணன் என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டு, "சரி, வண்டியாவது ஓடட்டும்" என்றார்.

நாங்கள் நால்வரும் போனோம். வண்டியை ஓட்டப் பெங்களூர்க்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். தகரக் கொட்டகைகளில் வரிசையாகப் பழைய கார்கள், பைக்குகள், எரிந்த எண்ணெய் வாசனை. அண்ணனின் காலத்து ஆள் ஒருவர் அடையாளம் கண்டு, "டேய் முனி, ஓட்டலியா? பொண்டாட்டிக்குப் பயமா?" என்று கேலி செய்தார். "உனக்குப் பயம் இல்லன்னா சொல்லு, உன் வீட்டுக்காரம்மாவை இங்கயே கூப்பிடறேன்" என்றார் அண்ணன். அந்த வண்டிகளைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். பத்மக்கா தடுப்பதற்குள் அண்ணன் பின்னால் போய் நின்றுவிட்டார். "அம்மன் ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னா. தள்ளக் கூடாதுன்னு சொல்லல."

வண்டி சீறிக்கொண்டு போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. கம்பி வேலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலைகுனிந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றொரு கையின் மணிக்கட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகுவதுபோலத் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. தூரத்து வளைவில் வண்டி சறுக்கி விழுந்து கிடந்தது. ஓட்டியவர் எழுந்து நடந்தார், முழங்கையில் சிராய்ப்புதான். பத்மக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். "பாத்தியா? இவரா இருந்திருந்தா? தாயி காப்பாத்திட்டா." நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வளைந்துபோன ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். நிமிராமலே சொன்னார்: "நான் ஓட்டியிருந்தா அங்க விழுந்திருக்க மாட்டேன் தங்கச்சி. கேக்கும்போதே தெரிஞ்சுது, அவன் வேகத்தைக் குறைச்சது லேட்டு." தண்ணீரை வாங்கிக்கொண்டார். "உங்க அக்காகிட்ட சொல்லாத. நிம்மதியா இருக்கா. இருந்துட்டுப் போகட்டும்." சொல்ல மாட்டேன் என்றேன்.

அடுத்த வருஷம் யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவைப்படவில்லை. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. அதன்பின் அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் அம்மன் காப்பாற்றிய கதையைப் பத்மக்கா சொல்லும்போது, "ஆமா, இவ பேச்சைக் கேட்டது நல்லதாப் போச்சு" என்று தலையாட்டுவார்.

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு பத்மக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்: "சாமிக்குப் பொதுவாச் சொல்லு. அன்னைக்கு அவர் ஓட்டியிருந்தா விழுந்திருப்பாரா?"

அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இந்தம்மாவின் கண் ஒரு பக்கம். "மாட்டார்க்கா" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அவர் மூஞ்சியைப் பாத்தாலே தெரியாதா? ஏன்டி தடுத்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். கேக்கவே இல்லியே, பாவி மனுசன்." முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அன்றாடம் வரவு செலவு எழுதுகிறவள் நான். ஒரு நஷ்டம் வந்தால் அதை யார் பேரிலாவது எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். அண்ணன் தன் நஷ்டத்தைப் பத்மக்கா பேரிலும் எழுதவில்லை, அம்மன் பேரிலும் எழுதவில்லை, பூவை எடுத்த என் பேரிலும் எழுதவில்லை. பந்தயத்துக்குப் போய்த் திரும்பிய மறுநாள் காலை, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "தங்கச்சி, பால் வந்துடுச்சா?" என்று எப்போதும்போலக் கேட்டார். அதில் ஒரு பிசிறு இல்லை. அந்தக் குரலைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.