முழு வெள்ளையாய்ப் பிறந்த குட்டி

அக்காவுக்குக் குதிரைப் பைத்தியம். காங்கேயத்தில் மாடு வளர்த்தால் ஊர் மெச்சும். இவள் பெட்டைக் குதிரை வளர்த்தாள். கோவை கணபதியிலிருந்து நான் போகும்போதெல்லாம் எனக்குக் காப்பி வருவதற்குள் அதற்குக் கொள்ளு போய்விடும். பிள்ளை இல்லாத வீடு. அதனால் கேலியை நான் அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

செவலைக் குதிரை அது. விலாவில் சுண்ணாம்பு சிந்தியது போல வெள்ளைத் திட்டுகள். திட்டு எதுவும் முதுகுக்கு மேலே ஏறாது. அதே மாதிரித் திட்டுள்ள ஆண் குதிரையோடு சேர்த்தால் குட்டி இன்னும் அழகாக வரும் என்று தேடி, ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் கண்டுபிடித்தாள். சுழி பார்க்கத் தெரிந்த எங்கள் சொந்தக்காரர்களைக் கூட்டிப்போய்ச் சுழி பார்த்தோம். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எதிலும் குற்றமில்லை. ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

குட்டி முழு வெள்ளையாகப் பிறந்தது. கண் இரண்டும் நீலம். குலதெய்வமே அனுப்பியது என்று ஊர் திரண்டு வந்து பார்த்தது. அக்கா அதைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

மாலைக்குள் குட்டி தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. பிறந்ததும் போடவேண்டிய லத்தியைப் போடவே இல்லை. கோவையிலிருந்து வந்த டாக்டரம்மா, வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, பால் கொடுக்க வேண்டாம் என்று குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டச் சொன்னார். பிறகு அக்காவிடமே எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் திட்டுக்கு ஒரு மரபணு உண்டு. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தால் அழகு. இரண்டிடமிருந்தும் வந்துவிட்டால் குட்டி முழு வெள்ளையாகும், குடலில் நரம்பு வளராது, எதுவும் கீழே இறங்காது. பிழைக்காது. சேர்ப்பதற்கு முன்பே பிடரி முடியைப் பிடுங்கிச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் தெரிந்திருக்குமாம்.

"வெள்ளை அழகுன்னுதானுங்க தேடித் தேடிச் சேர்த்தேன்," என்றாள் அக்கா.

வலியில் கிடந்து சாகவிடுவதைவிட ஊசி போட்டுவிடலாம் என்றார் டாக்டர். குட்டி பசியில் அக்காவின் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்குச் சுழி பார்த்தவர்கள்மீதும் சாமிமீதும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்கா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குட்டியின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இனிப் பால் குடிச்சாத் தப்பில்லீங்களே?"

தப்பில்லை என்று டாக்டர் தலையசைத்தார். அக்கா குட்டியை அவிழ்த்து, அணைத்தபடியே நடத்திப்போய்த் தாயிடம் விட்டாள். அது வாலை ஆட்டிக்கொண்டு அவசர அவசரமாகக் குடித்தது. குடித்து முடிக்கட்டும் என்று டாக்டர் ஊசியோடு ஒதுங்கி நின்றார்.

"மெதுவாக் குடி கண்ணு," என்றாள் அக்கா.