உப்பால் போட்ட கிளித்தட்டு

இந்த நாட்டில் உப்பை மூட்டையாக வாங்கி வாசலில் கொட்டுகிறோம் என்று ஊருக்கு எழுதினால், எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைப்பீர்கள். முப்பத்திரண்டு மாரிக்குளிரை இங்கே கழித்த எனக்கே, காலையில் கதவைத் திறந்து உப்பைத் தூவும்போது, சோற்றுக்குப் போடவேண்டியதைத் தெருவில் போடுவதுபோல் கை கூசும். உப்புப் பட்டால் பனிக்கட்டி உருகும்; வழுக்கி விழுந்து இடுப்பை முறிக்காமல் வேலைக்குப் போகலாம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் போன தை மாதம் ஊரிலிருந்து வந்திருந்த என் அண்ணன், அஜின்கோர்ட் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த உப்பு மூட்டையை வேறு கண்ணால் பார்த்தார்.

என் மகளின் கல்யாணத்துக்கு ஆவணியில் வரவேண்டியவர் அவர். விசா கிடைத்தது மார்கழியில். கல்யாணமும் கோடையும் முடிந்த பிறகு, பருத்தித்துறை வெயிலில் அறுபத்தொரு வருடம் காய்ந்த மனிதரைக் கொண்டுவந்து ஆறு கிழமை வீட்டுக்குள் அடைத்துவைத்தோம். ஹீட்டருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு யன்னலால் வெறுந்தெருவைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரே கேள்வி: ஊருக்கு எப்போது வருகிறாய்? நான் வேலையைச் சொல்வேன், முழங்காலைச் சொல்வேன், அடுத்த வருடம் என்பேன். முதலில் யுத்தப் பயத்தால் போகவில்லை, பிறகு இந்த நாட்டுக் குடியுரிமைப் பத்திரங்கள் இல்லாததால். அம்மாவின் செத்தவீட்டுக்கே போகாதவன் இனி எந்த முகத்தோடு போவது என்பதுதான் உண்மை. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் திரும்பிப் போவதற்கு முதல்நாள் மத்தியானம் நல்ல வெயில் எறித்தது. உப்புத் தூவ வெளியே இறங்கினேன். பின்னால் வந்தவர் மூட்டையை என் கையிலிருந்து வாங்கினார். தூவவில்லை. குனிந்து, கார் நிற்பாட்டும் இடத்துக்கு நடுவே நேர்கோடாக ஒழுகவிட்டார். பிறகு குறுக்கே ஒன்று. இரண்டாவது குறுக்குக் கோட்டில்தான் எனக்குப் பிடிபட்டது, மனிதர் கிளித்தட்டுப் போடுகிறார்.

இங்கே பிறந்த பிள்ளைகள் இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் வெயில் தாழ்ந்ததும் மணலில் வாளித் தண்ணீரை ஒழுகவிட்டுத்தான் கோடு போடுவோம். குறுக்குக் கோடுகளில் ஒரு கட்சி மறித்து நிற்கும். அவர்களின் தலைவன்தான் கிளி. அவன் எல்லாக் கோட்டிலும் ஓடலாம். கிளி கைதட்டியதும் மற்றக் கட்சி, மறிக்கிறவர்களின் கையால் அடிபடாமல் பெட்டி பெட்டியாகக் கடந்து மறுகரைக்குப் போகவேண்டும். போகிறவன் காய். மறுகரையைத் தொட்டுத் திரும்புகிறவன் பழம். பழம் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் வெற்றி. எங்கள் ஒழுங்கையின் கிளி அண்ணன்தான். சித்திரை வெக்கையில் ஆட்டம் முடிய முதலே கோடு காய்ந்துவிடும். கோட்டில் நின்றாயா இல்லையா என்ற சண்டையிலேயே பாதி நேரம் போகும்.

இங்கே கோடு காயவில்லை. உப்பு பனியைத் தின்று, அரைமணித்தியாலத்தில் வெள்ளைக்கு நடுவே தார் கறுப்பாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு டேவ், நல்ல மனிதர், நாங்கள் ஹொக்கி விளையாடப் பனிக்கட்டித் தளம் போடுகிறோம் என்று நினைத்து ஓடிவந்தார். உப்பைத் தொடவே கூடாதாம், எல்லாம் உருகிவிடுமாம், தண்ணீர்தான் ஊற்றவேண்டுமாம். அவர் என்ன சொல்கிறார் என்று அண்ணன் கேட்டார். தண்ணீர் ஊற்றட்டாம் என்றேன்.

"மனுசனுக்கு விளையாட்டுத் தெரிஞ்சிருக்கு" என்று அண்ணன் டேவுக்குக் கையைக் காட்டினார். நான் திருத்தப் போகவில்லை.

பிறகு கையுறையோடு கைதட்டினார். சத்தமே வரவில்லை. என் பழைய ஜக்கெட்டுக்குள் கைகளை விரித்துக்கொண்டு கோட்டில் நின்றார். தெருவோரத்திலிருந்து நான் வழுக்கி வழுக்கி ஓடினேன். நாலாவது கோட்டில் அவர் கை என் தோளுக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டது. வேண்டுமென்றே விட்டார். கராஜ் கதவைத் தொட்டு மூச்சு வாங்கச் சிரித்தேன். முடிந்தது, உள்ளே போவோம் என்றேன்.

"உதோட முடியேல்லயடா தம்பி. நீ இன்னும் பழமாகேல்ல. திரும்பி வா."

அவர் விளையாட்டை மட்டும் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, ஆறு கிழமையாகச் சொல்லாததை அங்கிருந்தே சொன்னேன்.

"அம்மான்ர செத்தவீட்டுக்கே வராதவன், அண்ணை."

விரித்திருந்த கைகளை இறக்கினார்.

"ஆரடா உன்னை மறிச்சது? நான் கோட்டை விட்டு இறங்கிறன். வா."

இறங்கித் தெருவோரம் போயும் நின்றார். என்னால் கதவை விட முடியவில்லை. கடைசியில், குளிரில் நடுங்கிக்கொண்டு, அத்தனை கோட்டையும் கடந்து அவர்தான் என்னிடம் வந்தார்.

அவர் போய் மூன்று கிழமையாகிறது. பனி கரைந்து தார் காய்ந்த பிறகு, கோடு போட்ட இடமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் போய்விடும். இன்று காலை கராஜ் கதவிலிருந்து தெருப்பக்கமாக இரண்டு பெட்டி நடந்து பார்த்தேன். மூன்றாவது கோட்டில் ஒரு காலை வைத்தேன். மறிக்க ஒருவரும் இல்லை. மற்றக் காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றேன்.