மஞ்சள் மாறாத நாலு படங்கள்

அந்த ஸ்டுடியோவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முதலாளி முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவள் ‘கலர் அக்கா’. இந்த வேலைக்கு முன் பதினோரு வருடம் கார் பட்டறையில் பெயின்ட் கலந்தவள். பெயின்ட் வாடை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதும் இங்கே வந்துவிட்டாள். பழைய ஃபிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் நிறம் திருத்தி, பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் மேசை அவளுடையது.

வீட்டில் மட்டும் அவள் திறமைக்கு மதிப்பில்லை. கணவருக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. “உன்ன அடையாளம் தெரியுதுல்ல, அது போதாதா?” என்பார்.

ஒருநாள் தையல்காரம்மா ஒருவர், லாரி ஓட்டும் மகனோடு வந்து ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். உள்ளே முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய நெகட்டிவ் சுருள். மருமகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. மகனின் குழந்தைப் படங்களைப் பிரிண்ட் போட வேண்டும் என்றார்.

ஈர அலமாரியில் கிடந்த சுருள் அது. எல்லாப் படத்திலும் செம்மை ஏறியிருந்தது. அதை இறக்கியதும் சுவர் சுவரானது, செடி செடியானது. குழந்தை இருந்த நாலு படங்களில் மட்டும் மஞ்சள் போகவில்லை. குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்திருப்பார்கள் என்று நினைத்த கலர் அக்கா, குழந்தையின் முகத்தைப் பார்த்தே மஞ்சளைக் குறைத்தாள். கன்னத்தில் ரத்தம் ஓடியது. விரிப்பு லேசாக நீலம் பாய்ந்தது; துணிக்கு நீலம் போட்டு அலசியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

படங்களை வாங்க வந்த மகனுக்கு வாயெல்லாம் பல். “பாரும்மா, எவ்ளோ அழகா இருந்திருக்கேன்!”

தையல்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இது யாரு புள்ள?”

“நான்தாம்மா.”

“நீ இப்படி இல்லையே.”

கலர் அக்காவுக்குச் சுருக்கென்றது. “எங்க சரியில்லன்னு சொல்லுங்கம்மா, மாத்திடலாம்.”

“பொறந்த மூணாம் நாளே இவனுக்குக் காமாலை. மஞ்சக் கிழங்கு மாதிரி கெடந்தான். பகல் வெளிச்சத்துல பாக்கணும்னு டாக்டர் ஜன்னலோரமா படுக்க வெச்சாரு. அப்போ இவங்கப்பா எடுத்தது. புள்ள தங்குமான்னே தெரியல. ஒரு படமாவது இருக்கட்டும்னு எடுத்தாரு.”

மகன் கையிலிருந்த படத்தை மேசையில் வைத்தான். “இத நீ சொன்னதே இல்லையேம்மா.”

“சொல்லி என்ன ஆகப்போவுது? அதான் மலை மாதிரி நிக்கறியே.”

விரிப்பு ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்பு என்றும் அவர் சொன்னார். கலர் அக்கா பழைய ஸ்கேனை மறுபடி திறந்து, அந்த விரிப்பை வெள்ளை என்று கம்ப்யூட்டருக்குக் காட்டினாள். நீலம் போனது. ஃபிலிமின் செம்மையும் போனது. குழந்தையின் மஞ்சள் மட்டும் அப்படியே நின்றது, கண்ணின் வெள்ளையில்கூட. அன்றைக்கே அது முகத்துக்கு நேரே இருந்தும் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

“இதான். இதே நெறந்தான்,” என்று தையல்காரம்மா திரையைத் தொட்டார்.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “எனக்குப் பாக்க முடியல. சுவத்துல மாட்டறதுன்னா நல்லா இருக்கறத மாட்டலாமே.”

“நீ எத வேணா மாட்டிக்கோ. எனக்கு இது வேணும்.”

இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். மஞ்சள் படம் தையல் மிஷினுக்கு மேலே ஏறியது. நல்ல படம் மகனின் செல்போனில். அதன்பிறகு கலர் அக்கா, திருத்தும் முன் எது எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று எல்லோரையும் குடைய ஆரம்பித்தாள். “போட்டோ போட வந்தா போலீஸ் விசாரணை மாதிரில்ல இருக்கு,” என்று முதலாளி முணுமுணுத்தார்.

ஆறு வாரம் கழித்து மகன் தாடியும் கசங்கிய சட்டையுமாக வந்து நின்றான். பெண் குழந்தை. அதற்கும் காமாலை; ஆஸ்பத்திரியில் விளக்கடியில் வைத்திருந்தார்கள்.

“பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா. என் சம்சாரம் கேக்க மாட்டேங்கறா, அழுதுட்டே இருக்கா. அந்த மஞ்சப் படம் ஒண்ணு வேணும். அம்மாவோடத எடுக்க வீட்டுக்குப் போக நேரமில்ல, என் போன்ல நல்லதுதான் இருக்கு.”

“போனுக்கு அனுப்ப மாட்டேன். ஒவ்வொரு போனும் மஞ்சள ஒவ்வொரு மாதிரி காட்டும். பிரிண்ட்டே தர்றேன், உக்காரு.”

மையின் ஈரம் காயப் படத்தை விசிறிக்கொண்டே அவன் படியிறங்கி ஓடினான். நடந்ததைப் பிறகு தையல்காரம்மாதான் வந்து சொன்னார். மருமகள் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாளாம். பக்கத்தில் நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாளாம்.

“இவ்ளோ மோசமா இருந்துட்டுத்தானா இப்படித் தின்னுட்டுத் திரியறீங்க?” என்று கேட்டுவிட்டு, அன்றைக்குத்தான் ஒரு வாய் சாப்பிட்டாளாம்.

குழந்தை ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தது. அந்தப் படத்தை மருமகளே எடுத்து வைத்துக்கொண்டாள்; யாருக்கும் கொடுக்கவில்லை.