கல்லறையில் சொல்லாமல் விட்ட பெயர்

விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டையரான மறுமாதமே எனக்கு அடுத்த வேலை வந்து சேர்ந்தது. திண்டிவனத்துப் பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார்.

"சும்மாதானே இருக்கீர்? பெருமுக்கல் பக்கத்துச் சேரிக்கு உபதேசியார் இல்லை. போய் ஜெபம் சொல்லிக்கொடும். கடைசிக் காலத்தில் ஆண்டவருக்கு ஊழியம் செய்யக் கொடுத்துவைத்திருக்க வேணும்."

கொடுத்துவைத்தவன்தான். லீவர் இழுத்து இழுத்து முட்டி இரண்டும் போயிருந்தது. சாமியார் மாதம் ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் என் தலையில். ஞானோபதேசம், சாவு, பிள்ளைப்பேறு, புருஷன் பெண்டாட்டி சண்டை, மாடு காணாமல் போனது, எல்லாவற்றுக்கும் உபதேசியார். ரயில்வேயில் டூட்டி முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். இதில் டூட்டி முடிவதே இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளன்று எல்லாரும் கல்லறைக்குப் போவார்கள். செத்தவர்களின் பெயரை உபதேசியார் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஊர் ஜெபம் அந்த ஆத்துமாவுக்குச் சேரும், உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் தீர வேகும் நெருப்பிலிருந்து அது கரையேறும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு அடுத்த வருஷம். அங்கே மூட்டை தூக்கப் போயிருந்த அந்தோணியிடமிருந்து தகவலே இல்லை. கூடப் போனவர்கள் நடந்தே திரும்பிவிட்டார்கள். திருநாளுக்கு முன்னால் அவன் அம்மா சூசையம்மாள் வந்தாள்.

"எம்புள்ள பேரையும் சொல்லிடுங்க உபதேசியாரே. அங்க கெடந்து வேகுதோ என்னமோ."

அவள் போனதும் மருமகள் மரியாள் வந்தாள்.

"சொல்லிடாதீங்கய்யா. அவரு வந்துக்கினு இருக்காரு. நடந்து வர்றவருக்கு நாளாவும். உசுரோட இருக்கறவர செத்தவங்களோட சேத்துட்டா நான் என்னா பண்ணுவேன்?"

பாயிண்ட்ஸ்மேனுக்கு எந்த லைன் என்று சொல்ல மேலே ஆள் உண்டு. இங்கே யார்? சாமியாரிடம் போனேன். "சாட்சி இல்லாமல் செத்தான் என்று எப்படிச் சொல்வீர்?" என்று அனுப்பிவிட்டார். நான் பெயரைச் சொல்லவில்லை. சூசையம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அடுத்த வருஷமும் அதேதான், அதற்கடுத்த வருஷமும் அதேதான். எனக்கு அலுத்துவிட்டது. மழைச் சேற்றில் கல்லறைக்கு நடக்கும்போதெல்லாம், இதோடு விட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன்.

யுத்தம் முடிந்தது. பட்டாளத்துக்குப் போனவர்கள்கூட ஊர் திரும்பினார்கள். அந்த வருஷத் திருநாளன்று காலையில் மரியாள் வந்தாள்.

"இந்த வாட்டி அவரு பேர சொல்லிடுங்கய்யா."

"ஏம்மா, ஏதாச்சும் சேதி வந்துதா?"

"ஒண்ணும் வரல. மெய்யாலுமே செத்துட்டிருந்தா, இத்தினி வருசம் ஒரு ஜெபமில்லாம அவர வேக வுட்டது நான்தானே? அத நெனச்சா சோறு எறங்கலய்யா."

ஆறுதல் சொல்லத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள். பெயரைச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இந்த முறை சாமியாரிடம் கேட்கவும் போகவில்லை.

கல்லறையில் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தோணி என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து மரியாள் சொன்னாள்.

"சத்தமா சொல்லுங்கய்யா. எல்லாருக்கும் கேக்கணும்."

சொன்னேன். சூசையம்மாள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரிட்டையரான பிறகு ஊழியத்துக்கு வரலாமா என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். மனம் குளிரும் என்று நம்பி வராதீர்கள். உங்கள் வாயில் வராத வார்த்தையை ஊருக்காகச் சத்தமாகச் சொல்ல முடியுமென்றால் வாருங்கள்.