பட்டியலைக் காலி செய்த பூஜ்யம்

2007. உழவர்கரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். மீன்பிடிப் படகு கடலில் எங்கே இருக்கிறது என்று காட்டும் கைக்கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதன் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடித்தளத்தில், செயற்கைக்கோள் தகவலை வாங்கும் பகுதி என் பொறுப்பு.

நிரலை ஓட்டாமலேயே படித்து, சந்தேகமான வரிகளைச் சுட்டிக்காட்டும் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருந்தது. கருவி வெளியே போகும் முன் அந்த மென்பொருள் தரும் வார்னிங் பட்டியல் காலியாக வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. கடைசியாக மிஞ்சியது ஒன்று: 'இந்த மாறிக்கு மதிப்பே தராமல் பயன்படுத்த வாய்ப்பு உண்டு.' சிக்னல் கிடைத்ததா இல்லையா என்று பதில் சொல்லும் மாறி அது. அதற்குப் பூஜ்யம் என்று ஒரு மதிப்பைக் கொடுத்தேன். வார்னிங் மறைந்தது. வெள்ளிக்கிழமை மாலை, சோதனைக்காக வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவரிடம் கருவியைக் கொடுத்தோம்.

சனிக்கிழமை காலை பக்கத்து இருக்கைத் தோழி என் நிரலைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க எதுக்குப் பூஜ்யம்?"

"வார்னிங் போகணுமே."

"கெர்னல்ல பூஜ்யம்னா 'எல்லாம் சரி'ன்னுதானே அர்த்தம்? சிக்னல் போனாலும் சரின்னுதானே சொல்லும்?"

அவர் சொன்னது சரிதான். சிக்னல் அறுந்தால் கருவி பிழை சொல்லாது. கடைசியாகத் தெரிந்த இடத்தையே இப்போதைய இடம் என்று காட்டிக்கொண்டிருக்கும். படகு விடியும் முன்பே போயிருந்தது. மீனவரின் செல்போனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

பைக்கில் வைத்திக்குப்பம் போனேன். கடலின் மேல் வெள்ளையாக மூட்டம். நின்றிருந்த படகுகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மீனவரின் மனைவி கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்வரை போவேன், திரும்புவேன், போனை எடுப்பேன், மறுபடி போவேன்.

"சார், வாங்குறதுன்னா வாங்குங்க. சும்மா நடந்து நடந்து பள்ளம் பறிக்காதீங்க" என்றார். பக்கத்துக் கூடைக்காரப் பெண்கள் சிரித்தார்கள்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். "உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

"பத்துக்கு வரணும்" என்றவர், அதன் பிறகு விலை சொல்லும்போதெல்லாம் கடலைப் பார்த்தார். மணி பதினொன்றரை ஆகியிருந்தது.

பன்னிரண்டே கால் இருக்கும், படகு வந்தது. அவர் இறங்கி, ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து கருவியை எடுத்து என் கையில் வைத்தார். சில்லென்றிருந்தது.

"என்னா சார் உங்க டப்பா? எஞ்சின் ஓடுது, அலை பின்னால போவுது, இது மட்டும் நிக்கிற, நிக்கிறங்குது. பொய் சொல்றவன முன்னால வெச்சிக்கிட்டு ஓட்ட முடியுமா? உள்ள போட்டு மூடிட்டேன். மூட்டம் கலையிற வரைக்கும் நங்கூரம் போட்டுக் கெடந்தேன்."

"தப்பு என்னுதுதாங்க" என்றேன். அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்குத்தான் அந்த நடையா?" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை, நான் அடைத்த வார்னிங்குகள் எல்லாவற்றையும் திரும்பத் திறந்தேன். அதே மாதிரி இன்னும் மூன்று இடங்களில் பூஜ்யம் போட்டிருந்தேன். பட்டியல் மறுபடி நீண்டது, மேலாளர் கத்தினார்.

வேலைகள் மாறி, ஊரும் மாறிவிட்டது. ஆனால் திரையில் ஒரு வார்னிங்கும் இல்லாத நாளில், இன்றும் என்னால் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடிவதில்லை.